ஒன்பது நீலப் படங்கள்: பெரியகல்லாற்றில் ஒரு வீட்டுக் கணினி

டீச்சர் என்னை அழைத்தது 2025 செப்டம்பர் நடுப்பகுதியில். "தம்பி, திரும்பவும் நீலமாப் போச்சி. மூணு தரம் வின்டோஸ் போட்டாச்சி. மறுகா என்னதான் செய்யிற?" என்றார். பின்னால் மகளின் குரலும் கேட்டது. அவளுக்கு நவம்பரில் உயர்தரப் பரீட்சை. மாலையில் ஸூம் வகுப்பு நடக்கும்போதுதான் கணினி நீலத் திரையைக் காட்டி விழுகிறது என்பது அவளுடைய முறைப்பாடு.

வீடு பெரியகல்லாற்றில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒல்லியான ஒரு நிலத்துண்டு. டீச்சரின் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் இரண்டு நிமிடம். வீட்டுக் கதவின் கீல், சைக்கிள் சங்கிலி, கூரையின் ஆணி என்று எதுவும் அங்கே அதிக காலம் பளபளப்பாக இருப்பதில்லை. கணினிப் பெட்டிக்கும் அதே காற்றுதான் என்பது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பெட்டி பழையது. நான்காம் தலைமுறைக் கோர் ஐ5, ரேம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) போட இரண்டே இடமுள்ள மதர்போர்ட், டிடிஆர்3 வகையில் 4 ஜிபி ரேம் இரண்டு, வின்டோஸ் 10. வாங்கியபோது ஒரு ரேம்தான் இருந்தது. மகளின் வகுப்புகளுக்காக இரண்டாவதைப் போட்டது இரண்டு வருடத்துக்கு முன். கடந்த ஓகஸ்டில் நீலத் திரை தொடங்கியதும் ரவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். வைரஸ் என்று சொல்லி ஃபோர்மட் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் அதே கதை. இரண்டாம் முறை, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று புது எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பு டிஸ்க்) போட்டு வின்டோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் முறை ஏற்றியது உறவுக்காரப் பையன் ஒருவன். கடைசியில் கடைக்காரர், "வின்டோஸ் 10 வாற மாசத்தோட முடியுது, புதுசு எடுங்க டீச்சர்" என்றாராம். மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்தும் நாள் ஒக்டோபர் 14 என்பது உண்மைதான். ஆனால் வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். அதைவிட, ஆதரவு முடிவதற்கும் இந்த நீலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கடையில் வைத்திருந்த நாட்களில் பெட்டி ஒருமுறைகூட விழவில்லையாம். வீட்டுக்கு வந்தால் விழுகிறது. டீச்சரின் அம்மா இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். மேசை இருந்த திசை சரியில்லை என்பது அவர் கட்சி. நான் சிரித்தேன். மேசை இருந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்தது என்று பிறகு தெரிந்தபோது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சாட்சிகள்

நீலத் திரை என்பது வின்டோஸ் தானாகவே கையைத் தூக்குவது. உள்ளே ஏதோ ஒன்று நடக்கக் கூடாத விதமாக நடந்துவிட்டது, இதற்கு மேல் ஓடினால் உங்கள் கோப்புகளைக் கெடுத்துவிடுவேன் என்று நின்றுவிடுகிறது. நிற்கும்போது இரண்டு காரியம் செய்யும். திரையின் அடியில் ஒரு குறியை, அதாவது ஸ்டொப் கோடை எழுதும். அதோடு, அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததை டிஸ்கில் ஒரு கோப்பாகக் கொட்டும். திரையில் வீதம் ஏறிக்கொண்டு போவது அந்தக் கொட்டல் நடப்பதைத்தான் காட்டுகிறது. மறுபடி எழுந்ததும் அது வின்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் வந்து உட்காரும். திரையில் இருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் போனில் பிடித்தால் மைக்ரோசொஃப்டின் பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும், உங்கள் பெட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நான் முதலில் போய்ப் பார்த்தது மினிடம்ப் கோப்புறை. வெறுமை. ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வின்டோஸ் போட்ட பிறகே பத்துத் தடவைக்கு மேல் விழுந்திருக்கிறது, ஒரு கோப்பும் இல்லையென்றால் எப்படி? டீச்சரிடம் கேட்டேன், நீலம் வந்ததும் என்ன செய்வீர்கள் என்று.

"சுவரில சுவிட்ச நிப்பாட்டிருவன். கரண்ட் அடிச்சிரும் எண்டு பயம்தானே."

அவ்வளவுதான் விஷயம். வீதம் 20ஐத் தாண்டுவதற்குள் டீச்சரின் கை சுவருக்குப் போய்விடும். கொட்டல் பாதியில் அறுந்தால் கோப்பு உருவாகாது. எழுதத் தொடங்கிய ஒவ்வொரு சாட்சியத்தையும் டீச்சரே கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முந்தியதையெல்லாம் மூன்று ஃபோர்மட்டும் அழித்துவிட்டன.

ஆனால் மகள் ஒரு வேலை செய்திருந்தாள். வகுப்பில் இருந்து பாதியில் காணாமல் போனதற்குச் சான்றாக, ஒவ்வொரு முறையும் நீலத் திரையைப் போனில் படம் பிடித்து ரியூசன் சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஒன்பது படங்கள், நாளும் நேரமும் சகிதம். சில படங்களில் திரைக்குப் பக்கத்தில் டீச்சரின் கை மங்கலாகத் தெரிந்தது, சுவிட்சை நோக்கிப் போகும் வழியில்.

ஒன்பதையும் கொப்பியில் எழுதினேன். மெமரி மேனேஜ்மென்ட் மூன்று தடவை. பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா இரண்டு. ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல் இரண்டு. சிஸ்டம் சேர்விஸ் எக்ஸெப்ஷன் ஒன்று, கே மோட் எக்ஸெப்ஷன் நொட் ஹாண்டில்ட் ஒன்று. எது தவறியது என்று கோப்பின் பெயர் காட்டிய படங்கள் மூன்று. ஒன்றில் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைப் படத்தை இயக்கும் மென்பொருள்), ஒன்றில் நெட்வேர்க் டிரைவர், ஒன்றில் வின்டோஸின் சொந்தக் கோப்பு. ஒன்பது விழுகைக்கு ஐந்து குறி, மூன்று குற்றவாளி. நேரம் மட்டும் ஒன்றாக இருந்தது: ஏழு படங்கள் மாலை 6.30க்கும் 9.30க்கும் இடையில்.

ஒரு டிரைவர் கெட்டால் அது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் விழும். தினம் ஒரு பெயரில் பழி மாறிக்கொண்டே போகிறதென்றால், அந்தக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ரேம், பிராசசர், மின்சாரம் தரும் பவர் சப்ளை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் முதலில் தவறான பக்கம்தான் திரும்பினேன்.

கரண்ட் என்ற மயக்கம்

வின்டோஸ் தனக்கு நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சிவப்பு வரி: கேர்னல் பவர், எண் 41. 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாலை நேரத்தையும் சேர்த்து என் மூளை கணக்கை முடித்துவிட்டது. மாலை ஆறரைக்குப் பிறகு ஊரெல்லாம் லைட், ஃபேன், ரீவி, அயன். கரண்ட் இறங்குகிறது, பெட்டி விழுகிறது. கேட்கவும் நன்றாக இருந்தது.

உண்மையில் அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்று: போன தடவை கணினி முறையாக அணைக்கப்படவில்லை. நீலத் திரையால் விழுந்தாலும் அதே வரிதான், டீச்சர் சுவிட்சை நிறுத்தினாலும் அதே வரிதான். காரணத்தை அது சொல்லாது. இந்த ஒரு வரியை நம்பிப் பவர் சப்ளை வாங்கியவர்களைக் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் நான் பார்த்திருக்கிறேன். அன்று நானே அந்த வரிசையில் நிற்கப் போனேன்.

நல்ல வேளையாக மல்ட்டிமீட்டர் கையில் இருந்தது. இரவு ஏழரைக்கு அளந்தேன்: 219 வோல்ட். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230, அதில் 6 வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216 வரை முறையானதே. சாதாரண பவர் சப்ளை ஒன்று 200க்குக் கீழேயும் சமாளித்துவிடும். அப்படியும் மனம் ஒப்பவில்லை. வோல்ட்டேஜைத் தானே திருத்தித் தரும் யூ.பி.எஸ். ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன், எனது நல்ல பவர் சப்ளையையும் மாட்டினேன். அடுத்த நாள் இரவு 8.10க்கு மகளிடமிருந்து பத்தாவது படம் வந்தது. மெமரி மேனேஜ்மென்ட்.

சரி, கரண்ட் இல்லை. அப்படியானால் ஏன் மாலை? பதில் மிகச் சாதாரணமானது. பகலில் டீச்சர் வேர்டில் வினாத்தாள் தட்டுகிறார், 8 ஜிபியில் பாதிக்கு மேல் தேவைப்படாது. மாலையில் மகள் ஸூம், குரோமில் இருபது டப், பிடிஎஃப் குறிப்புகள் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கிறாள். ரேம் நிரம்ப நிரம்ப, பழுதான இடத்தில் கை படும் வாய்ப்பும் கூடுகிறது. மின்சார சபை பாவம்.

இரவு முழுக்க ஓடிய சோதனை

வின்டோஸுக்குள்ளேயே ஒரு ரேம் சோதனை இருக்கிறது. ஓட்டினேன், பிழை இல்லை என்றது. அதை நான் பெரிதாக நம்புவதில்லை. பிழை இருக்கிறது என்று அது சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி வைத்திருந்தேன். வின்டோஸுக்கு வெளியே, பென்னிலிருந்தே கணினியைத் தொடக்கி ஓடுவது. இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும்.

பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் டீச்சர். மறுத்துவிட்டேன். கடையில் ஒருமுறையும் விழவில்லை என்ற அந்தப் பேச்சு மனதில் அரித்துக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டுபோகும்போது உள்ளே எல்லாம் குலுங்கும். ரேமின் கால்கள் இடத்தில் சற்று அசைந்து புதிதாகப் பிடித்துக்கொள்ளும். கடையில் இரண்டு மூன்று நாள் நல்ல பிள்ளையாக இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் கண் முன்னால் நோய் வெளிவரவே இல்லை. அதனால் இங்கேயே, இந்த மேசையில், ஒரு திருகையும் தொடாமல் சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குச் சோதனையைத் தொடக்கி, சுவிட்சுக்கு மேல் ஒரு தாளை ஒட்டினேன்: 'தொடாதே'. டீச்சருக்கு நான் எழுதிய முதல் கட்டளை அது.

காலையில் போனால் திரையில் சிவப்பு. முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றிலிருந்து பிழைகள், மொத்தம் 37.

எண்ணிக்கையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு பிழை வரியிலும் எழுத வேண்டியது என்ன, வாசித்தது என்ன என்று இரண்டும் அருகருகே இருக்கும். 37 வரியிலும் வித்தியாசம் ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1. அதுவும் எப்போதும் அதே பிட். ரேமுக்குள் இருக்கும் சில்லு கெட்டால் குறிப்பிட்ட முகவரிகளில் பிழை குவியும். இங்கே முகவரிகள் சிதறிக் கிடந்தன, பிட் மட்டும் ஒன்று. ரேமுக்கும் போர்டுக்கும் இடையே ஒரே நேரத்தில் 64 பிட்டுகள் தனித்தனிக் கம்பியில் போய்வரும். அதில் ஒரு கம்பி எங்கோ ஒழுங்காகத் தொடவில்லை என்று தோன்றியது.

எங்கே? இரண்டு ரேமையும் இடம் மாற்றிப் போட்டேன். உடனே ஓட்டிய முதல் இரண்டு சுற்றும் சுத்தம். இங்கேதான் பலர் ஏமாறுவது. கழற்றிப் போட்டதே தற்காலிக வைத்தியமாகிவிடும், சரியாகிவிட்டது என்று பெட்டியை மூடிவிடுவோம். இரவு முழுக்க விட்டேன். விடியும்போது மீண்டும் பிழை, அதே பிட். ரேம் மாறியும் பிட் மாறவில்லை. பிறகு ஒவ்வொன்றாக: முதல் இடத்தில் பழைய ரேம் தனியே, சுத்தம். முதல் இடத்தில் புதிய ரேம் தனியே, சுத்தம். இரண்டாம் இடத்தில் பழைய ரேம் தனியே, பிழை. இதற்கு நான்கு நாள் போனது. மகள் அத்தனை நாளும் போனில்தான் வகுப்புப் பார்த்தாள்.

பச்சை

பெட்டியைப் படுக்கவைத்து, ரேம் இரண்டையும் எடுத்துவிட்டு, போன் வெளிச்சத்தை அந்த இரண்டாம் இடத்துக்குள் சரித்துப் பிடித்தேன். டிடிஆர்3 ரேமுக்கு 240 கால்கள், பக்கத்துக்கு 120. அவற்றைப் பிடிக்கும் தகடுகள் முதல் இடத்தில் மஞ்சளாக, ஒரே சீராக நின்றன. இரண்டாவதில் நடுப்பகுதிக்குச் சற்றுத் தள்ளி மூன்று நான்கு தகடுகள் மங்கியிருந்தன, ஒன்றின் வேரில் ஊசி முனை அளவுக்குப் பச்சை. பழைய வெண்கலக் குத்துவிளக்கின் இடுக்கில் படியுமே, அதே பச்சை. பக்கத்தில் பல்லி முட்டை ஓடு ஒன்றும் கிடந்தது. அது நிரபராதி.

தங்கப் பூச்சு துரு ஏறாது என்பார்கள். ஏறாதுதான். ஆனால் இந்தத் தகடுகளில் பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. உப்பும் ஈரமும் அந்த ஓட்டை வழியே அடியில் இருக்கும் செம்பைத் தொட்டுவிட்டால் பச்சை மேலே கசிந்து வரும். அப்படியானால் முதல் இடத்துக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அது தொடக்கத்திலிருந்தே ரேமால் மூடிக் கிடந்தது. இரண்டாவது இடமோ, மகளுக்காகப் புது ரேம் வாங்கும்வரை வருடக்கணக்கில் வாயைத் திறந்தபடி இருந்தது. பெட்டியின் பக்கத் தகடும் வெக்கை என்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மேசை ஜன்னலோடு ஒட்டி, ஜன்னல் கடலைப் பார்த்து. அம்மம்மா சொன்ன திசை.

துடைத்தது இப்படி. வயரைக் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரம் இறங்க பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினேன். 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மென்மையான தூரிகையைத் தோய்த்து அந்த இடுக்கை இரண்டு பக்கமும் துடைத்தேன். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கூட, அதை நான் விரும்புவதில்லை. ரேமின் கால்களுக்கு மகளின் வெள்ளை அழிறப்பர் போதும், மெதுவாக, ஒரு தடவை. அழுத்தித் தேய்த்தால் அந்த மெல்லிய தங்கத்தையும் சேர்த்து அழித்துவிடுவோம். அழிறப்பர்த் துகள் இடத்துக்குள் விழாமல் தள்ளி வைத்துத்தான் செய்ய வேண்டும். பிறகு ரேமை ஏழெட்டுத் தடவை போட்டு எடுத்தேன், அந்த உரசலே பாதிச் சுத்தம். அரை மணிநேரம் காயவிட்டேன்.

இரண்டு இரவு, நான்கு நான்காக எட்டுச் சுற்று. ஒரு பிழையும் இல்லை. இதிலும் பிழை வந்திருந்தால் அடுத்து பிராசசரைக் கழற்றி அதன் அடியில் வளைந்த கால் தேடியிருப்பேன். அதற்கு அவசியம் வரவில்லை.

திரும்ப வந்த நீலம்

மூன்றாம் நாள் டீச்சர் அழைத்தார். நீலம். என் முகம் விழுந்தது. ஆனால் இந்த முறை டீச்சர் சுவிட்சைத் தொடவில்லை, மினிடம்ப் கோப்பு வந்திருந்தது. அடுத்த நாள் இன்னொன்று. இரண்டையும் அவற்றை வாசிக்கும் கருவியான வின்டிபக்கில் திறந்தேன். இரண்டிலும் சிஸ்டம் சேர்விஸ் எக்ஸெப்ஷன், இரண்டிலும் வின்டோஸின் ஒரே கோப்பு. ஐந்து குறி, மூன்று குற்றவாளி என்று அலைந்த பெட்டி இப்போது ஒரே குறியை, ஒரே பெயரைச் சொல்கிறது. இது வேறு நோய்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலமானது நினைவிருக்கும். அங்கே வந்த குறி பேஜ் ஃபோல்ட் இன் நொன்பேஜ்ட் ஏரியா, மகளின் படங்களில் இரண்டில் இருந்த அதே குறி. ஆனால் அங்கே எல்லாத் திரையிலும் பழி ஒரே டிரைவருக்கு. ரேமைத் துடைத்து அவற்றைச் சரிசெய்திருக்க முடியாது. குறியை மட்டும் பார்த்து வைத்தியம் சொல்லக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். குறியும் பெயரும் நிலையாக நிற்கின்றனவா, அலைகின்றனவா என்று ஒரு வாரத்துப் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நடந்தது இதுதான் என்பது என் முடிவு: மூன்று தடவையும் வின்டோஸ் ஏற்றப்பட்டது இந்தப் பழுதான ரேம் இடத்தின் வழியாக. டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் முதலில் ரேமைக் கடந்துதான் போகிறது. போகும் வழியில் ஒரு பிட் புரண்டால் கெட்ட கோப்பே டிஸ்கில் பதியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, டிஸ்ம் கட்டளையில் வின்டோஸ் கோப்புகளின் மூலப் பிரதியைச் சீர்செய்து, பின்னர் அதோடு கோப்புகளை ஒப்பிட்டுத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ ஓட்டினேன். கெட்ட கோப்புகளைக் கண்டு திருத்தியதாகச் சொன்னது. இதை முதல் நாளே ஓட்டியிருந்தால், பழுதான ரேமே திருத்தத்தையும் கெடுத்திருக்கும்.

டீச்சரின் வினாத்தாள்களில் இரண்டு திறக்க மறுத்தன. ஒன்றுக்குப் பழைய பிரதி பென் டிரைவில் இருந்தது. மற்றது, தரம் 10 வரலாறு, இரண்டாம் தவணை, போனது போனதுதான். நீலத்தைவிட எனக்கு அதுதான் உறுத்தல். நீலம் கண்ணுக்குத் தெரிகிறது, கோப்பு கெடுவது சத்தம் போடுவதில்லை.

மேசையை உள் சுவருக்கு மாற்றினோம். பக்கத் தகட்டைப் போட்டு மூடினேன். பூவேலை செய்த ஒரு துணி பெட்டிக்கு மேல் எப்போதும் கிடக்கும், அதை அணைத்த பிறகு மட்டும் போடச் சொன்னேன். அந்த இடம் இனிக் கெடாது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருமுறை பச்சை கசிந்த தகடு, மாரியில் திரும்பவும் வேலையைக் காட்டலாம். காட்டினால் இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு முதல் இடத்தில் 8 ஜிபி ரேம் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூலி வாங்க மறுத்ததற்கு ஒரு சட்டி எருமைத் தயிர் வீடு தேடி வந்தது.

ஒக்டோபர் இரண்டாம் வாரம், இரவு ஒன்பது மணி போல மகளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம். திரை முழுக்க நீலம். எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று போனது. பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமாகச் சுழலும் புள்ளிகள், 'அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்', 34 வீதம். கீழே அவள் எழுதியிருந்தாள்: "அம்மா சுவிட்சுக்குப் போயிட்டா அண்ணா, பிடிச்சு வச்சிருக்கன்."